வேடந்தாங்கல் ஏரியும் ஒரு கவுலும்

நீங்கள் கேட்டது இதுதான்: பிள்ளைகளோடு வேடந்தாங்கல் போய் வந்தீர்கள், அங்கே ஒருவர் "இது வெள்ளைக்காரன் ஆரம்பித்த சரணாலயம்" என்றார், இன்னொருவர் "இல்லை, ஊர்க்காரர்கள்தான் இருநூற்றைம்பது வருடமாகக் காப்பாற்றி வருகிறார்கள்" என்றார், இதில் எது சரி, சுற்றிலும் அத்தனை ஏரி இருக்கும்போது பறவை ஏன் அந்த ஒரு ஏரியைப் பிடித்துக்கொண்டது? நான் மதுராந்தகம் தாலுகாக்காரன், என் அம்மா வழியில் எல்லோருக்கும் ஏரிப்பாசனத்தில்தான் நிலம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சுருக்கமான பதில், ஊர்க்காரர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் வழக்கமாகச் சொல்வது போல, கருணை உள்ள கிராமத்து மக்கள் பறவைகள் மேல் இரக்கப்பட்டுக் காப்பாற்றினார்கள் என்று மட்டும் நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்த ஊருக்கும் பறவைக்கும் நடுவில் இருந்தது ஒரு கொடுக்கல் வாங்கல். நெல் அதில் ஒரு பக்கம்.

முதலில் பெயர். வேடந்தாங்கல் என்றால் 'வேடர்கள் தங்கிய இடம்' என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வேடன் சரி. ஆனால் தாங்கல் என்பது எங்கள் பக்கத்தில் சிறிய ஏரிக்கே பெயர். பெரிய நீர்நிலை ஏரி, சின்னது தாங்கல், அதைவிடச் சின்னது குட்டை. சென்னையில் இருக்கும் பழவந்தாங்கலும் அந்த வகைப் பெயர்தான். எனக்கு இது 'வேடன் தாங்கல்', அதாவது வேடர்களோடு ஏதோ தொடர்புள்ள ஒரு சின்ன ஏரி என்றுதான் படுகிறது. வேட்டையாடுகிறவன் பெயரைத் தாங்கிய ஏரியில் வேட்டை கூடாது என்று ஊர் கட்டுப்பாடு வைத்தது வேடிக்கைதான்.

செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். இங்கே காவிரி மாதிரி வருடம் முழுக்க நம்பக்கூடிய ஆறு கிடையாது. பாலாறு இருக்கிறது, பெரும்பாலான நாளில் மணல்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி கார்த்திகையில் கொட்டுவதைப் பிடித்து வைத்தால்தான் சோறு. அதனால் ஊருக்கு ஊர் ஒரு ஏரி, ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அது அடுத்த ஏரிக்கு வரத்து. வேடந்தாங்கல் ஏரி இந்தச் சங்கிலியில் ஒரு சின்னக் கண்ணி, மொத்தமே 30 ஹெக்டேர் சொச்சம், அதாவது எழுபது ஏக்கரைக் கொஞ்சம் தாண்டும். மதுராந்தகம் ஏரி பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தாங்கல்தான், சந்தேகமே இல்லை.

அப்புறம் அந்த வெள்ளைக்காரன் விஷயம். 1763-ல் ஆற்காடு நவாப் முகமது அலி இந்தப் பகுதியைக் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, ஜாகீராகக் கொடுத்தார், வரி வசூலித்துக்கொள்ளும் உரிமையோடு. 1780-ல் ஹைதர் அலி படை உள்ளே வந்தபோது பட்ட அடியில் பல ஊர்கள் காலியாகிப் போயின, ஏரிக்கரைகளும் மதகுகளும் கவனிப்பாரில்லாமல் கிடந்தன. இந்த நிலையில்தான் 1794-ல் லயோனல் பிளேஸ் என்பவர் ஜாகீர் கலெக்டராக வருகிறார், 1798 வரை இருக்கிறார். நல்லவரா கெட்டவரா என்றால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை வைத்திருந்த மிராசுதாரர்களோடு வரிக்காக ஓயாமல் மல்லுக்கட்டினார், தீர்வைக்கு ஒத்துவராதவர்களின் மிராசு உரிமையிலேயே கை வைத்தார். அதே ஆள்தான் உடைந்து கிடந்த ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைப்பாகவும் இருந்தார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஏரியில் தண்ணீர் நின்றால் நெல் விளையும், நெல் விளைந்தால்தான் கும்பினிக்குக் கிஸ்தி வரும்.

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருகிற துரை இவர்தான். ஏரிக்கரை மழைக்கு மழை உடைந்துகொண்டே இருந்தது, கோயிலில் தாயார் சன்னதிக்கு வைத்திருந்த பணத்தைக் கரை வேலைக்குக் கேட்டார், உங்கள் ராமர் இந்தத் தடவை கரையைக் காப்பாற்றட்டும், நானே சன்னதி கட்டித் தருகிறேன் என்றார், அன்று இரவு கொட்டுகிற மழையில் கரைக்குப் போனவர் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைப் பார்த்தார் என்று கதை போகும். நம்புவது உங்கள் இஷ்டம். ஆனால் தாயார் சன்னதியில் அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதே கலெக்டரிடம்தான் வேடந்தாங்கல்காரர்கள் போய் நின்றார்கள். ஊரில் வழிவழியாகச் சொல்வது என்னவென்றால், கும்பினிச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து கூட்டில் இருந்த பறவைகளைச் சுட்டார்கள், ஊரார் கூடிக் கலெக்டரிடம் முறையிட்டார்கள், இனி யாரும் இந்த ஏரியில் பறவைகளைச் சுடவோ பிடிக்கவோ கூடாது என்று அவர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். ஆண்டு 1798 என்று அரசுத் தரப்பில் குறிப்பிடுகிறார்கள்.

இந்தக் 'கவுல்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். இது வருவாய்க் கச்சேரிச் சொல். நிலத்தைக் குத்தகைக்கு விடும்போதோ தீர்வையில் சலுகை தரும்போதோ சர்க்கார் எழுதிக்கொடுக்கும் உறுதிப் பத்திரம்தான் கவுல். காட்டிலாகா என்று ஒன்று பிறக்காத காலம் அது, வனவிலங்குப் பாதுகாப்பு என்ற பேச்சே கிடையாது. ஊரார் போனது வரி வாங்குகிற அதிகாரியிடம், வாங்கி வந்தது வரி இலாகா பத்திரம். அவர்கள் சொன்ன காரணமும் அதற்குத் தோதானதுதான்: இந்தப் பறவைகள் இருப்பதால்தான் எங்கள் வயல் விளைகிறது. ஏரியையே வருமானமாகப் பார்த்த ஒரு கலெக்டருக்கு இதைவிட நன்றாகப் புரியக்கூடிய வாதம் வேறு இருந்திருக்காது என்பது என் கணிப்பு. பிளேஸ் பறவை ரசிகரா என்று ஆராய்வதெல்லாம் வீண் வேலை.

சரி, பறவைக்கும் விளைச்சலுக்கும் என்ன சம்பந்தம்? ஏரிக்குள்ளே தண்ணீரில் நிற்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் முக்கியமானது நீர்க்கடம்பு, எங்கள் பக்கத்தில் கடப்பை மரம் என்போம். மாதக்கணக்கில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் அழுகாது. பூக்கும் காலத்தில் சிவப்புச் சரம் சரமாகத் தண்ணீரை நோக்கித் தொங்கும், ஆனால் அந்த நேரத்தில் அங்கே கூட்டம் இருக்காது, எல்லோரும் பறவை பார்க்க வந்து போய்விடுவார்கள். அந்த மரங்களில் ஆயிரக்கணக்கில், நல்ல மழை பெய்த வருடங்களில் முப்பதாயிரத்தையும் தாண்டி, பறவைகள் மாதக்கணக்கில் குடியிருக்கின்றன. இலை தெரியாத அளவுக்கு மரம் வெள்ளையடித்தது போல ஆகிவிடும். அத்தனை எச்சமும் விழுவது தண்ணீரில். மீன், நத்தை, தவளை என்று தின்கிற பறவைகளின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. அது கரைந்த தண்ணீர் மதகு வழியாக நேரே வயலுக்குப் போகிறது. வண்டி வைத்து எரு அடிக்க வேண்டியதில்லை, பாய்ச்சுகிற தண்ணீரே எரு.

சின்ன வயதில் என் பெரிய மாமாவோடு அந்தப் பக்கம் வயலுக்குப் போன ஒரு தை மாதம் நன்றாக நினைவிருக்கிறது. வாய்க்காலில் வந்த தண்ணீர் பாசி கரைத்தது போலப் பச்சையாக இருந்தது, கிட்டப் போனால் கோழிக்கூண்டு வாடை. நான் மூக்கைப் பிடித்தேன். அவர் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணி பாயுற கழனிக்கு மேலே யூரியா போட்டால் பயிர் கண்டபடி பச்சை கட்டி, கதிர் வாங்குகிற நேரத்தில் சாய்ந்துவிடும் என்றார். அப்போது நாற்றம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. தழைச்சத்து மிஞ்சினால் நெல் சாயும் என்பது விவசாயக் கல்லூரியிலும் சொல்லித் தருகிற பாடம்தான், அவருக்கு அது அந்த வாடையிலேயே தெரிந்திருக்கிறது.

இது வேடந்தாங்கலில் மட்டும் நடப்பதில்லை. கர்நாடகத்தில் மண்டியா பக்கம் கொக்கரே பெள்ளூர் என்ற ஊரில் பறவைகள் வீட்டு ஓரத்துப் புளியமரங்களிலேயே கூடு கட்டும், மரத்தடியில் குழி வெட்டி எச்சத்தைச் சேர்த்து வயலுக்கு எடுத்துப் போவார்கள். நம் நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்தில் கொல்லை மரங்களில் கூழைக்கடா கூடு கட்டினால் துரத்த மாட்டார்கள், கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி கிடையாது. வேடந்தாங்கலிலும் அந்தக் கட்டுப்பாடு உண்டு. தீபாவளி வருவதும் பறவை வந்து இறங்க ஆரம்பிப்பதும் ஏறக்குறைய ஒரே சமயம், அந்த நேரத்தில் ஒரு அணுகுண்டு போட்டால் இடம் பார்க்க வந்த கூட்டம் வேறு ஏரி பார்த்துப் போய்விடும்.

உங்கள் இரண்டாவது கேள்வி, ஏன் இந்த ஏரி? மரம்தான் முதல் காரணம், அதுவும் தண்ணீருக்குள் நிற்கும் மரம். கரையில் இருக்கும் மரத்தில் கீரி ஏறும், மரநாய் ஏறும், பூனை ஏறும். சுற்றிலும் தண்ணீர் நின்றால் அந்தத் தொல்லை பெருமளவு இல்லை. தண்ணீர் சீக்கிரம் வற்றிவிட்டால் கதையே மாறிவிடும், முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் பறவைகள் கிளம்பிப் போன வருடங்கள் உண்டு. மழை பொய்த்த வருடத்தில் வரவே வராது, வந்தாலும் பேருக்குத்தான். மற்ற ஏரிகளில் இத்தனை மரம் உள்ளே கிடையாது, இருந்தாலும் நூறு வருடத்துக்கு மேலாகத் தொந்தரவு செய்யாமல் விட்டு வைத்த இடம் என்ற பழக்கம் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் எழுதுவதில்லை. எங்கள் பக்கத்தில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று போகம். சம்பா அறுத்துவிட்டு மார்கழி தையில் நவரை நடவு, அதற்கு ஏரித் தண்ணீர்தான் முழு ஆதாரம். அதே மார்கழி தையில்தான் கூடுகளில் குஞ்சு இருக்கும், அதற்கும் மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். ஒரே தண்ணீருக்கு இரண்டு பேர். விவசாயி மதகை முழுசாகத் திறந்தால் பறவைக்குக் கஷ்டம், திறக்காவிட்டால் இவன் நாற்று காயும். ஏரிக்கரையில் நின்று இந்தக் கணக்கை வருடா வருடம் போட்டு, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஓட்டியிருக்கிறார்களே, எனக்கு வேடந்தாங்கலில் பெரிய விஷயமாகத் தெரிவது அதுதான். வெடி வெடிக்காமல் இருப்பது ஒரு நாள் தியாகம். தண்ணீரில் கை வைக்காமல் இருப்பது அப்படியில்லை.

கவுலுக்கு அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1858-ல் ஊரார் மறுபடி செங்கல்பட்டு கலெக்டரிடம் போய்ப் பாதுகாப்புக்கு உத்தரவு வாங்கினார்கள். கும்பினி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த வருடம் அது, ஆள் மாறினால் பழைய பத்திரம் செல்லுமா என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்கலாம். 1936-ல் மாவட்ட நிர்வாகம் சரணாலயமாக அங்கீகரித்தது. 1962-ல் வனச் சட்டத்தின் கீழ் வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்குள் அடங்கியது. 1998-ல் ஏரியோடு நிற்காமல் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் முழுவதையும் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

அந்த 5 கிலோமீட்டர் என்ன கணக்கு என்று பலர் கேட்பார்கள், ஏரி எழுபது ஏக்கர்தானே, அதற்கு எதற்கு இத்தனை வட்டம் என்று. பறவைக்கு வேடந்தாங்கல் படுக்கையறை மட்டும்தான், சமையலறை வெளியே இருக்கிறது. முப்பதாயிரம் பறவைக்கு அந்தச் சின்ன ஏரியில் மீன் எங்கே இருக்கும்? காலையில் கிளம்பிச் சுற்றியுள்ள ஏரி, குட்டை, நடவு வயல் எல்லாம் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகின்றன. நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள், வேடந்தாங்கலில் அதிகம் தெரிவதில் இதுவும் ஒன்று. அதன் அலகு மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், பாக்குவெட்டி சரியாகச் சேராதது மாதிரி. சேற்று வயலில் நத்தையைத் தேடிப் பிடித்து, ஓட்டை நசுக்காமல், கீழலகு நுனியை மூடிக்கு அடியில் நுழைத்துத் தசையை அறுத்து உள்ளே இருப்பதை மட்டும் உருவி எடுக்கும். குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது, அலகு நேராகத்தான் இருக்கும், வளர வளரத்தான் வளையும். இந்தப் பறவை வாழ வேண்டுமென்றால் ஏரி மட்டும் இருந்து பிரயோஜனமில்லை, நெல் வயலும் அதில் நத்தையும் இருக்க வேண்டும்.

அதனால்தான் 2020-ல் முதல் 3 கிலோமீட்டரை மட்டும் சரணாலயமாக வைத்துக்கொண்டு வெளியே உள்ள 2 கிலோமீட்டரின் அந்தஸ்தை மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்தபோது அவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது. அந்த வட்டத்துக்குள் தொழிற்சாலைகளும் இருக்கின்றன, பட்டா நிலமும் இருக்கிறது, வட்டத்தில் இருப்பதால் எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்ற எரிச்சல் உள்ளவர்களும் அக்கம்பக்கத்து ஊர்களில் உண்டு. அந்த எரிச்சலை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனால் பழைய கவுல் ஒரு ஏரியைக் காப்பாற்றினால் போதும் என்றிருந்த காலத்தில் எழுதியது, அன்று சுற்றிலும் இருந்தது எல்லாமே வயலும் தாங்கலும்தான், அதைத் தனியாக எழுதி வைக்கத் தேவையே இல்லை. இன்று அந்த வயல்கள் மனைப்பிரிவாகிக்கொண்டிருக்கின்றன. வட்டத்தைச் சுருக்கினால் ஏரி அப்படியேதான் இருக்கும், பறவை பசியோடு திரும்பும்.

இன்னொன்றையும் திருத்திவிடுகிறேன், உங்கள் பிள்ளைகளுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்: இங்கே கூடு கட்டும் பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றன என்று. இல்லை. கூடு கட்டி முட்டையிடும் கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, சாம்பல் நாரை எல்லாமே நம் நாட்டுப் பறவைகள்தான், தண்ணீரைப் பார்த்து இடம் மாறும். தூரதேசத்திலிருந்து வருகிறவை ஊசிவால் வாத்து, உள்ளான் மாதிரியான கூட்டம், அவை குளிருக்குத் தப்பித்து வந்து தின்று கொழுத்துத் திரும்பும், இங்கே கூடு கட்டாது. அவற்றைப் பார்க்க ஆசையென்றால் பக்கத்திலேயே கரிக்கிலி ஏரி இருக்கிறது, அதுவும் சரணாலயம்தான், மரம் குறைவு, திறந்த தண்ணீர் அதிகம், வாத்துகளுக்கு அதுதான் பிடிக்கும். வேடந்தாங்கல் வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

அடுத்த முறை போகும்போது மத்தியான வெயிலில் போகாதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஏதாவது ஒரு வார நாளில், ஜிஎஸ்டி சாலையில் படாளம் கூட்டு ரோட்டில் திரும்பி, நாலு மணிக்குக் கரை மேல் இருங்கள். ஐந்து மணி வாக்கில் திரும்பி வர ஆரம்பிக்கும், முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் வரிசை வரிசையாக. கூழைக்கடா இறங்கியதும் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுசாக விட்டுக் கிளறுவதைத் தொலைநோக்கியில் பார்த்தால் பிள்ளைகள் கத்தாமல் இருக்க மாட்டார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எல்லாம் அடைந்து இருட்டுகிற நேரத்தில் எதிர்த்திசையில் சில பறவைகள் மட்டும் 'வக், வக்' என்று கூப்பிட்டுக்கொண்டு வெளியே கிளம்பும். அதுதான் வக்கா, அதற்கு இரவு ஷிப்ட்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் கரைக்கு மறுபக்கமும் திரும்பி நில்லுங்கள், தண்ணீர் விட்டிருந்தால் மதகுக்குக் கீழே வாய்க்காலில் அந்தப் பச்சைத் தண்ணீர் ஓடுவது தெரியும்.